மொட்டை டயருக்கு மார்க் போட்ட வாத்தியார்

சங்ககிரி பைபாஸில் பாவாயி டயர் கடை என்றால் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கடைக்குப் போர்டு கிடையாது. கடைக்காரிக்கு வாய் கிடையாது. வேண்டியவன் வருவான், வேண்டாதவன் போவான் என்று இருப்பாள்.

வயது நாற்பத்திரண்டு. கையில் எப்போதும் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி. டயரை அதனால் ஒரு தட்டுத் தட்டுவாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். “ஓடும்” என்பாள். இல்லாவிட்டால் “ஓடாது” என்பாள். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் முதுகுதான் பதில். நாளாக நாளாக டிரைவர்கள் அவளிடம் டயருக்கு மட்டுமில்லாமல் பெண் பார்ப்பதற்கும் வீட்டுச் சண்டைக்கும் யோசனை கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கும் அந்த இரண்டு பதில்தான். யாரும் குறை சொன்னதில்லை.

அவளிடம் ஒரு திங்கட்கிழமை காலையில் சிஷ்யனாக வந்து சேர்ந்தார் அர்த்தனாரி வாத்தியார். வயது அறுபது.

அறுபது வயதில் என்ன சிஷ்யன் என்றால், வேறு வழியில்லை. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கைக்கு வந்ததை எல்லாம் போட்டு ஒரு பழைய ஆறு சக்கர லாரி வாங்கிவிட்டார். ஏன் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவி பழனியம்மாள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் கேட்டால் போதும்.

லாரிக்கு டிரைவர் பழனியம்மாளின் தம்பி செங்கோடன். நல்ல டிரைவர். ஆள்தான் குள்ளம். எதிரே வருகிறவனுக்கு ஸ்டியரிங்குக்கு மேலே கொஞ்சம் முடி மட்டும் தெரியும். டிரைவர் இல்லாமல் லாரி வருகிறது என்று இரண்டு பேர் ஓடைக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

லாரி பாவாயி கடை வாசலில் வந்து நின்றது. வாத்தியார் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நோட்டு. அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நீ… எட்டாவது பி. கடைசி பெஞ்சு. பாவாயிதானே?”

“ஆமாங்க சார்.”

“கணக்குல…”

“பெயிலுங்க சார்.”

இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு வாத்தியார் ஒரு லாப நட்டக் கணக்குப் போட்டார். ஒரு வியாபாரி ஒரு பொருளை இன்ன விலைக்கு வாங்கி இன்ன விலைக்கு விற்றார். லாபமா, நட்டமா? வகுப்பு குனிந்து எழுதியது. பாவாயி மட்டும் எழுந்து நின்று, “என்ன பொருளுங்க சார்?” என்று கேட்டாள்.

கேலி செய்கிறாள் என்று வாத்தியார் நினைத்தார். பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறினாள். சாப்பாட்டு மணி அடிக்கும் வரைக்கும் நின்றாள். உட்கார் என்று சொல்ல அவருக்கு மறந்துபோனது.

அதை இப்போது இரண்டு பேரும் பேசவில்லை.

“டயர் வேணும்,” என்றார் வாத்தியார். “ஆறும் மொட்டை. ஸ்டெப்னி ஒண்ணுதான் சுமாரா இருக்குது. கையில இருக்கற காசுக்கு மூணு புது டயர் வரும். வேண்டியது ஆறு. வியாழக்கிழமை காலையில முட்டை லோடு ஏத்தறோம். மைசூருக்கு. திம்பம் மலை ஏறோணும். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. உடையாமக் கொண்டுபோய் இறக்குனா வாரம் ஒரு லோடுன்னு முட்டைக் கம்பெனிக்காரர் சொல்லியிருக்காரு. உடைஞ்சா அத்தோட சரி.”

“முட்டை உடைஞ்சாப் பரவால்லீங்க மாமா,” என்றான் செங்கோடன். “நான் உடைஞ்சா?”

“நீ சும்மா இரு மாப்ளே.”

பாவாயி ஜாக்கி வைத்தாள். லாரியைக் கட்டைகள் மேல் நிறுத்தினாள். ஆறு டயரும் கழன்று வரிசையாகச் சுவரில் சாய்ந்தன.

டயரில் ஆள் பேர் எழுதுவதற்கு அந்தக் கடையில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் பிரஷ்ஷும் கிடக்கும். வாத்தியார் பிரஷ்ஷை எடுத்தார். பழக்க தோஷம். ஒவ்வொரு டயராகப் பார்த்தார். ரோட்டைப் பிடிக்கிற ரப்பர்ப் பட்டன் எதிலும் இல்லை. வழவழவென்று அவர் மண்டை மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அழகாக வளைத்து ஒரு பூஜ்யம் போட்டு, கீழே கோடும் இழுத்தார்.

“குப்பையில போட்டுரும்மா.”

“போட்டர்றனுங்க.”

கடைக்குப் பின்னால் வெடித்த டயரும் கிழிந்த டயருமாக ஒரு மலை கிடந்தது. ஆறும் உருண்டு போய் அதன் மேல் விழுந்தன.

வாத்தியார் நோட்டைத் திறந்தார். தலைப்பு எழுதினார். அடிக்கோடு போட்டார்.

“இப்பச் சொல்லு. எந்த டயர் விலை குறைவு?”

பாவாயி குப்பையைப் பார்த்துக் கை நீட்டினாள்.

“அது.”

செங்கோடன் சிரித்தான். வாத்தியார் சிரிக்கவில்லை.

“கேலியா?”

“இல்லீங்க சார்.”

பெஞ்சு மேல் ஏற்றலாம் என்று பார்த்தார். கடையில் பெஞ்சு இல்லை. பெஞ்சு என்ன, உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. உட்கார வேண்டியவர்கள் டயர் மேல் உட்கார்வார்கள். வாத்தியாரின் வேட்டி வெள்ளை. நின்றுகொண்டே இருந்தார்.

“அப்ப நீ கத்துக் கொடு. நானே பார்த்து வாங்கிக்கறேன். எத்தனை ஆயிரம் பேருக்குக் கத்துக் கொடுத்திருப்பேன். எனக்குக் கத்துக்கத் தெரியாதா?”

பாவாயி கையிலிருந்த கம்பியைத் துணியில் துடைத்தாள்.

“தெரியாதுங்க,” என்று சொல்லி, கம்பியை அவர் கையில் கொடுத்தாள்.

இப்படித்தான் அவர் சிஷ்யன் ஆனார்.

பைபாஸ் ஓரத்தில் டீக் குடிக்க நிற்கும் லாரிகளின் டயர்களைத் தட்ட வேண்டும். தட்டிக் கேட்க வேண்டும். இதுதான் பாடம்.

வாத்தியார் அன்றைக்கு நூற்றுப் பத்து டயர் தட்டினார். நோட்டில் குறித்துக்கொண்டார்.

“என்னங்க சார் கேட்டுச்சு?”

“எல்லாம் ஒரே சத்தந்தான். டப், டப்.”

“நாளைக்கும் தட்டுங்க.”

செவ்வாய்க்கிழமையும் தட்டினார். ஒரு ராஜஸ்தான் லாரியைத் தட்டும்போது உள்ளே தூங்கிய டிரைவர் எழுந்து இந்தியில் திட்டினார். வாத்தியாருக்கு இந்தி தெரியாது என்பதால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மீதி ஐந்து டயரையும் தட்டினார். அடுத்த லாரிக்காரன் தமிழ்.

“யாருய்யா அது?”

“டயர் பாக்கறனுங்க.”

“என் டயரை நீ எதுக்குப் பாக்கறே? ஊட்ல வேலை இல்லையா?”

இருந்தது. வீட்டிலும் அதே வேலைதான். வாத்தியார் கேஸ் சிலிண்டரைத் தட்டினார். தண்ணீர் டிரம்மைத் தட்டினார். அரிசி டப்பாவைத் தட்டித் தலையைச் சாய்த்தார்.

“ஏனுங்க,” என்றாள் பழனியம்மாள், “என் தலைப் பக்கம் அந்தக் கம்பியோட வந்துறாதீங்க.”

ஆனால் செவ்வாய் மத்தியானம் ஒன்று நடந்தது. சிமெண்டு லாரி ஒன்றைத் தட்டிக்கொண்டே போனவர், நின்றார். திரும்ப வந்தார். மறுபடியும் தட்டினார். மற்ற டயரெல்லாம் டங்கென்றது. இது தொப்பென்றது. குனிந்து பார்த்தால் ஆணி.

பாவாயியிடம் ஓடி வந்தார்.

“கேட்டுச்சும்மா!”

“ம்.”

“இனி டயர் கொடு.”

“எப்படி மாட்டுவீங்க?”

வாத்தியார் இதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நோட்டை விரித்தார். லாரிக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு டயர். பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடி. பாரமெல்லாம் பின்னால்தான். ஆகவே பின்னால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு புது டயர், பக்கத்திலேயே ஒரு பழைய டயர். முன்னால் இரண்டும் பழசு போதும். செலவு பாதிதான்.

“புதுசு பழசைத் தாங்கிக்கும்,” என்றார். “வகுப்புலயும் அப்படித்தான் உட்கார வெப்பேன். மக்குப் பக்கத்துல ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. உன் பக்கத்துல வளர்மதியை வெச்சேனே, ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

பாவாயி உள்ளே போனாள். ஒரு பலகை கொண்டு வந்தாள். வாத்தியாரைக் கடை வாசலில் நிறுத்தினாள். பக்கத்தில் செங்கோடனை நிறுத்தினாள். வாத்தியார் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. செங்கோடன் அவர் தோளுக்கும் கொஞ்சம் குறைவு.

“ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கோணும். சரி பாதி,” என்று சொல்லிப் பலகையை இரண்டு பேர் தலைக்கும் குறுக்கே வைத்து, ஒரு கையால் மட்டமாகப் பிடித்துக்கொண்டாள். பலகை மேல் ஓர் உப்பு மூட்டையை ஏற்றினாள்.

வாத்தியாரின் கழுத்து உள்ளே போனது.

“மாப்ளே, தூக்குடா!”

“தூக்கிட்டுத்தான் மாமா நிக்கறேன்.”

செங்கோடனின் தலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தது. அவன் அந்த இடத்தில் கையை விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டான்.

“நடங்க,” என்றாள் பாவாயி.

நடந்தார்கள். வாத்தியார் நாலு எட்டு வைப்பதற்குள் முகம் செம்பருத்தி ஆனது. செங்கோடன் கை வீசி வந்தான்.

“எனக்கு ஒண்ணும் பாரமே தெரியலீங்க,” என்றான். “சேர்ந்து தூக்குனா சுலுவாத்தான் இருக்குது.”

“எறக்கும்மா! எறக்கு! கழுத்துப் போச்சு!”

மூட்டை இறங்கியது. வாத்தியார் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இருந்தது.

“தேஞ்ச டயர் குட்டை. புது டயர் நெட்டை,” என்றாள் பாவாயி. “மொதல்ல எது வெடிக்கும்?”

 வாத்தியார் நோட்டில் ஒரு பக்கத்தை முழுசாக அடித்தார். அடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

“ஏம்மா, அந்த வளர்மதி…”

“அந்த வருசம் அவளும் பெயிலுங்க சார். என் பேப்பரையும் சேர்த்து எழுதுனா. பாவம், நேரம் பத்தல.”

அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

புதன்கிழமை காலையில் வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் லோடு. லாரி இன்னும் கட்டை மேல் நிற்கிறது. குரு வாயைத் திறப்பதாகக் காணோம். பைபாஸில் நாலு கடை தள்ளிப் போனார். அங்கே ஒருவன் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். உட்கார நாற்காலி போட்டான். ஃபேன் போட்டான். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தான். விளக்கமாகப் பேசினான். மூன்று நாளாக இரண்டு இரண்டு வார்த்தையாகக் கேட்ட வாத்தியாருக்குக் காது குளிர்ந்தது.

“ஆறு டயருங்க சார். மூணு புது டயர் விலைதான். பட்டன் எப்படி ஆழமா இருக்குது பாருங்க.”

ஆழமாகத்தான் இருந்தது. டயர் ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம் போலக் கருகருவென்று பளபளத்தது.

“நாங்களே கொண்டுவந்து மாட்டி, காத்தும் அடிச்சுக் குடுத்துருவோம். மாட்டினப்பறம் காசு குடுங்க. போதும்.”

மத்தியானம் அந்தச் சிரித்த முகக்காரன் ஆறு டயரையும் ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, பாவாயி கடை வாசலிலேயே இறக்கினான்.  பாவாயியிடம் ஜாக்கி கேட்டான், கொடுத்தாள். ஸ்பேனர் கேட்டான், கொடுத்தாள். காற்று அடிக்க ஹோஸ் எட்டவில்லை என்றான், தன் ஹோஸையும் கொடுத்தாள்.

“பெரிய மனசுங்க அக்காவுக்கு,” என்றான் அவன்.

லாரி கட்டையிலிருந்து இறங்கி ஆறு காலில் நின்றது. கல்யாண மாப்பிள்ளை செருப்பு மாதிரி ஆறும் மின்னின. பழனியம்மாள் ஒரு தட்டில் ஆறு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் பணப் பை. முதல் பயணம் என்றால் சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் லாரி நகரும். செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேபினில் ஏறி உட்கார்ந்தான். முடி தெரிந்தது.

வாத்தியார் கம்பியை எடுத்தார். குருவுக்கு முன்னால் ஆறு டயரையும் தட்டினார்.

டங். டங். டங். டங். டங். டங்.

“எப்படிம்மா?”

“காத்து நல்ல காத்துங்க சார்,” என்றாள் பாவாயி. “என்னோட ஹோஸ்ல வந்தது.”

ஒரு டயரைத் தொட்டாள். உள்ளங்கை கரியானது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நாளைக்கு மலைக்கு சாரும் கூடப் போறீங்களா?”

“நானா?”

“செங்கோடனுக்குப் பக்கத்துல எடம் சும்மாதான இருக்குது.”

“எனக்கு… எனக்கு முட்டை வாசம் ஒத்துக்காதும்மா.”

“முட்டை பின்னாலதான மாமா இருக்கும்,” என்று மேலே இருந்து குரல் வந்தது.

“வளைவுல தலை சுத்தும். இருபத்தேழு வளைவு.”

“கண்ணை மூடிக்கங்க மாமா. நானும் அப்பப்ப மூடிக்குவேன்.”

“நாளைக்கு எனக்கு பென்ஷன் ஆபீஸ்ல வேலை இருக்குது.”

பழனியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

“நாளைக்கு அந்த ஆபீஸ் லீவுன்னு காலையிலதான சொன்னீங்க?” என்றாள். “அதிருக்கட்டும். முந்தாநேத்து முட்டை தோசை ரெண்டு கேட்டு வாங்கித் தின்னீங்க. என் தம்பிக்கு மட்டும் வாசம் ஒத்துக்குமாக்கும்?”

வாத்தியார் வேட்டியைச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரி செய்தார்.

பாவாயி டயர் கொண்டுவந்தவன் பக்கம் திரும்பினாள்.

“அப்ப நீங்க ஏறுங்க.”

“நானுங்களா? கடையில ஆளில்லீங்க்கா.”

“மலையடி வரைக்கும்.”

“இன்னைக்குக் கெழமை சரியில்லீங்க்கா.”

“நாளைக்கு.”

“நாளைக்கும் சரியில்லீங்க.”

“சரி. லோடு வேண்டாம். சும்மா வண்டி. அதா அந்தப் பாலம் வரைக்கும்.”

அவன் பாலத்தைப் பார்த்தான். டயரைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு காணாமல் போனது.

“வயிறு ஒரு மாதிரி இருக்குதுங்க்கா,” என்றான்.

பாவாயி கேபினைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“எறங்குங்க. ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க. நீங்க மட்டும் எதுக்கு?”

செங்கோடன் இறங்கினான். ஏறியதை விட வேகமாக.

பாவாயி குனிந்து டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரு சுரண்டு சுரண்டினாள். கறுப்புப் பாலீஷ் பெயர்ந்து வந்தது. அதற்கடியில் ரப்பர் இல்லை. வெள்ளை நூல் தெரிந்தது. தேய்ந்த டயரில் சூடு வைத்த கத்தியால் பள்ளம் வெட்டி மையைத் தடவியிருந்தான். பள்ளம் ஆழம்தான். நூல் வரைக்கும் ஆழம்.

பழனியம்மாள் பணப் பையின் வாயை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள். வந்தவன் ஒரு வார்த்தை பேசாமல், தான் மாட்டியதைத் தானே கழற்றி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான். வயிறு சரியாகிவிட்டது போலிருக்கிறது, நல்ல வேகம்.

லாரி திரும்பவும் கட்டை மேல் நின்றது.

வாத்தியார் நோட்டைத் திறக்கவில்லை. செங்கோடனைப் பார்த்தார். அவன் தரையில் குந்திப் பழத்தட்டில் இருந்த கற்பூரத்தை மோந்துகொண்டிருந்தான். இருபத்தேழு வளைவிலும் இந்த முடி மட்டும் தெரிகிற தலை அந்த நூல் மேல் போயிருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 

“மாப்ளே… டீக் குடிக்கறியா?”

“நீங்க வாங்கிக் குடுப்பீங்களா மாமா?” என்றான் அவன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

வாத்தியார் பாவாயியிடம் போனார்.

“எனக்குத் தெரியலம்மா,” என்றார். “என்ன பண்றதுன்னு தெரியல.”

பாவாயி கடைக்குப் பின்னால் போனாள். ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. நாலையும் நிறுத்தி, பலகையை மேலே குறுக்காக வைத்தாள். பலகை மட்டமாக நின்றது. எல்லாம் ஒரே உயரம். நாலிலும் கெட்டியான புது ரப்பர்ப் பட்டன் ஒட்டி வேகவைத்திருந்தது.

“ரீபட்டன்,” என்றாள். “பின்னாலைக்கு. முன்னால புதுசு ரெண்டு. பின்னால ஒரு டயர் வெடிச்சா பக்கத்து டயர் தாங்கி நிக்கும். முன்னால தாங்க ஆளில்ல.”

“விலை…” என்று ஆரம்பித்த வாத்தியார் வாயை மூடிக்கொண்டார்.

கம்பியை எடுக்கவில்லை. குனிந்தார். டயருக்குள்ளே கையை விட்டு, மூன்று நாளாக அவள் செய்வதைப் பார்த்தது போலவே, ஓரம் முழுக்கத் தடவினார். சட்டைக் கை கறுப்பானது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“இது என்ன டயரும்மா? இதுக்கு முன்னால எங்க ஓடுச்சு?”

பாவாயி டயரை மறுபக்கம் திருப்பினாள்.

பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பூஜ்யம். அழகாக வளைத்துப் போட்டது. கீழே கோடு.

வாத்தியார் அடுத்த டயரைத் திருப்பினார். பூஜ்யம். அடுத்தது. அடுத்தது.

“என் கையெழுத்து,” என்றார்.

“ஆமாங்க.”

“ஆறு இருந்துச்சு.”

“ரெண்டு நெசமாவே பெயிலுங்க சார். உள்ளுக்குள்ள நூல் விட்டுப்போச்சு. அது குப்பையிலயே கெடக்குது. இது நாலுக்கும் பட்டன்தான் போச்சு. உடம்பு கெட்டி. ராத்திரியில புதுப் பட்டன் ஒட்டி வேகவெச்சேன்.”

“முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா!”

“சொன்னனுங்களே,” என்றாள் பாவாயி. “எது விலை குறைவுன்னு கேட்டீங்க. கையக் காட்டினேன்.”

செங்கோடன் சிரிக்க வாயெடுத்தான். பழனியம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

வாத்தியார் பெயிண்ட் டப்பாவிடம் போனார். பிரஷ்ஷை எடுத்து வந்து, பூஜ்யத்துக்கு முன்னால் ஒன்று போட்டுப் பத்தாக்கக் கை ஓங்கினார்.

“விடுங்க சார்,” என்றாள் பாவாயி. “மார்க்குல ஓடாது.”

பிரஷ்ஷை வைத்துவிட்டார்.

செங்கோடனும் பாவாயியும் டயர்களை மாட்டினார்கள். வாத்தியார் நட்டு எடுத்துக் கொடுத்தார். பழனியம்மாள் பணப் பையை அப்படியே பாவாயியிடம் நீட்டினாள். பாவாயி எண்ணவில்லை, வாங்கிச் செருகிக்கொண்டாள். சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்தாயிற்று. கற்பூரம் காட்டியாயிற்று. கோழிப்பண்ணைக்குப் பொழுது இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் விடிந்ததும் முட்டை ஏற்ற முடியும்.

செங்கோடன் இன்ஜினைப் போட்டான்.

“போய்ட்டு வர்றனுங்க மாமா.”

வாத்தியார் கதவுப் பக்கம் வந்தார். கதவோரக் கைப்பிடியைப் பிடித்துப் படிமேல் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலையும் வைத்தார்.

“நானும் வர்றேன்.”

“மாமா, முட்டை வாசம்…”

“ஓட்டுடா.”

ஓட்டச் சொன்னாரே தவிர உள்ளே போகவில்லை. படியிலேயே நின்றார். செங்கோடன் கிளட்ச்சை மிதித்தபடி காத்திருந்தான். கீழே பாவாயி கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக நின்று நின்று வாத்தியாரின் கால் வீங்கியிருந்தது. வெள்ளை வேட்டியில் ஆறு இடத்தில் கறுப்பு.

“பாவாயி.”

“சார்.”

“அன்னைக்கு அந்தக் கணக்குல என்ன பொருள்னு கேட்டியே.”

“கேட்டனுங்க.”

“எனக்குத் தெரியாதும்மா. புஸ்தகத்துல போடல.”

பாவாயி துடைப்பதை நிறுத்தினாள். படி மேல் நிற்கிறவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது; அதை அந்தப் பைபாஸில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“உக்காருங்க சார்,” என்றாள்.